‘தி வயர்’ முதல் எபிசோடைப் பாதியில் கைவிடாமல் பார்த்து முடிப்பது எப்படி?

எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் 2002 ஜூன் 2 அன்று தொடங்கி 2008 மார்ச் 9 அன்று முடிந்த, அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் போலீஸையும் போதைப்பொருள் கும்பலையும் பற்றிய ‘தி வயர்’ தொடரை யாராவது ஒருவர் உங்களிடம் விடாமல் பரிந்துரைத்துக்கொண்டே இருந்திருப்பார். நீங்களும் ஒருநாள் உட்கார்ந்து, அரை மணி நேரத்துக்குள் யார் போலீஸ், யார் வியாபாரி, எந்த வழக்கு, எதற்காக இந்தக் கோபம் என்று எதுவும் பிடிபடாமல் எழுந்து போயிருப்பீர்கள். நான் இரண்டு முறை அப்படி எழுந்து போனவன். மூன்றாம் முறை, கையில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு, மூன்று தவணைகளாகப் பார்த்தபோதுதான் ‘தி டார்கெட்’ என்ற அந்த முதல் எபிசோடு எனக்குத் திறந்தது. நான் வீணாக்கிய நேரமும் பணமும் உங்களுக்கு மிஞ்சட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எபிசோடின் கடைசிக் காட்சியை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறேன். மற்றவற்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வதால் உங்களுக்கு இழப்பில்லை. தெரியாமல் போனால்தான் இழப்பு.

1. எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

முதல் எபிசோடின் நீளம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆனால் முதன்முறை பார்ப்பவர் நிறுத்தி, பின்னோக்கிப் போய், பெயரைக் குறித்துக்கொண்டு பார்ப்பதற்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வையுங்கள். முதல் சீசன் 13 எபிசோடுகள். ஐந்து சீசன்களும் சேர்த்து 60. முழுவதையும் பார்த்தால் ஏறத்தாழ 60 மணி நேரம். இந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டியதில்லை, ஏனென்றால் நீங்கள் இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியது முதல் சீசனின் 13 மணி நேரத்துக்கு மட்டும்தான். ஒரு சீசனில் ஒரு விசாரணை தொடங்கி அந்தச் சீசனிலேயே ஒரு வடிவத்துக்கு வந்துவிடுகிறது.

வாரத்துக்கு இரண்டு எபிசோடு என்பது என் அனுபவத்தில் சரியான வேகம். ஒரே இரவில் நான்கைந்து பார்த்தால் பெயர்கள் குழம்பும். வாரத்துக்கு ஒன்று என்றால் சென்ற வாரம் யார் யாரிடம் என்ன சொன்னார் என்பது மறந்துபோகும்.

ஓர் எச்சரிக்கை. கெட்ட வார்த்தை இல்லாத ஒரு நிமிடம்கூட இதில் அபூர்வம். நிர்வாணக் காட்சிகளும் உண்டு. கூடத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பதற்கான தொடர் அல்ல. பிள்ளைகள் தூங்கிய பிறகோ, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டோ பாருங்கள்.

2. பணம் கட்டுவதற்கு முன் பெயரைத் தேடிப் பாருங்கள்

நான் செய்த முதல் தவறு இதுதான். ஒரு தளத்தில் இந்தத் தொடர் இருக்கிறது என்று நண்பர் சொன்னதை நம்பி முழு ஆண்டுச் சந்தாவைக் கட்டினேன். உள்ளே போய்த் தேடினால் தொடரின் பெயரே வரவில்லை. உரிமம் வேறு இடத்துக்குப் போய்விட்டிருந்தது. கட்டிய பணம் திரும்பவில்லை. இந்தியாவில் எச்.பி.ஓ. தொடர்கள் 2023 மார்ச் வரை ஹாட்ஸ்டாரில் இருந்தன, பிறகு ஜியோசினிமாவுக்குப் போயின, 2025 பிப்ரவரியில் அந்த இரண்டு தளங்களும் ஜியோஹாட்ஸ்டார் என்று ஒன்றாயின. இப்படி இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்கு, சென்ற ஆண்டு யாரோ சொன்ன தகவல் உதவாது. பணம் கட்டும் நாளில், கட்டுவதற்கு முன்பே, தளத்தின் தேடல் பெட்டியில் தொடரின் பெயரைத் தட்டச்சு செய்து, ஐந்து சீசன்களும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, ஒரு மாதச் சந்தாவோ இருப்பதிலேயே குறுகிய கால அளவோ தேர்ந்தெடுங்கள்.

கைபேசி டேட்டாவில் பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு: எச்.டி. தரத்தில் ஒரு மணி நேரப் படத்துக்கு 3 ஜி.பி. வரை செலவாகலாம். நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. திட்டம் வைத்திருப்பவருக்கு முக்கியமான உரையாடலின் நடுவே வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். வைஃபை உள்ள இடத்தில் முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொள்வதே நல்லது.

டிவிடி வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு பொறி இருக்கிறது. என் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து பெட்டித் தொகுப்பு ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தார். அங்கே விற்பவை மண்டலம் 1-க்கு உரியவை. இந்தியா மண்டலம் 5. எங்கள் வீட்டு பிளேயர் தட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, மண்டலக் குறியீடு பொருந்தவில்லை என்று எழுதிக் காட்டிவிட்டு வெளியே துப்பியது. எல்லா மண்டலத் தட்டுகளையும் ஏற்கும் பிளேயர் இருந்தாலொழிய வெளிநாட்டுத் தொகுப்பை வாங்க வேண்டாம்.

சில பதிப்புகளில் படம் சதுரமாகவும் சிலவற்றில் அகலமாகவும் இருப்பதைக் கண்டு, எதுவோ வெட்டப்பட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். தொடர் முதலில் பழைய தொலைக்காட்சிக்கு உரிய 4:3 அளவில் ஒளிபரப்பாயிற்று, 2014-இல் எச்.டி.யாகப் புதுப்பித்தபோது 16:9 ஆக்கினார்கள். கதைக்கு எதிலும் குறைவில்லை.

3. சப்டைட்டிலைப் போடுங்கள், வெட்கப்பட வேண்டாம்

எனக்கு ஆங்கிலம் தெரியும், எதற்குச் சப்டைட்டில் என்ற வீம்பில்தான் முதல்முறை 25-ஆவது நிமிடத்தில் தோற்றேன். மேற்கு பால்டிமோர் தெருமுனைப் பையன்கள் பேசும் ஆங்கிலம் நாம் பள்ளியில் படித்ததும் அன்று, அலுவலகத்தில் பேசுவதும் அன்று. அமெரிக்கர்களே சப்டைட்டிலோடு பார்க்கிற தொடர் இது. காது கேளாதோருக்கான ஆங்கிலச் சப்டைட்டில் என்று ஒரு வகை இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். சட்டகத்துக்கு வெளியிலிருந்து குரல் வரும்போது பேசுபவர் பெயரையும் அது காட்டும். நம் தாளுக்கு அது பெரிய உதவி.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தத் தொடரில் பின்னணி இசை கிட்டத்தட்ட இல்லை. காரில் ஓடும் பாட்டு, மதுக்கடையில் ஒலிக்கும் பாட்டு என்று காட்சிக்குள்ளிருந்து வருவதுதான் இசை. வில்லன் வரும்போது மேளம் அடித்துச் சொல்வது, சோகத்துக்கு வயலின் வாசிப்பது எதுவும் கிடையாது. எனவே எது முக்கியமான காட்சி என்று இசை உங்களைத் தட்டி எழுப்பும் என்று காத்திருக்காதீர்கள். கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கண்ணால் பார்த்த என் இரண்டாம் முயற்சி இதனால்தான் வீணாயிற்று.

4. ஒரு தாளை மூன்றாக மடியுங்கள்

ஒரு ஏ4 தாளை நெடுக்குவாக்கில் மூன்று பத்திகளாக மடித்து, முதல் பத்தியின் தலைப்பில் ‘காவல்துறை’ என்றும், நடுவில் ‘நீதிமன்றம், மற்றவர்கள்’ என்றும், மூன்றாவதில் ‘தெரு’ என்றும் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் திரையில் வந்தவுடன் பெயர் தெரியாவிட்டால் அடையாளத்தை எழுதுங்கள். பெயர் தெரிந்தபின் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். என் தாளில் ‘மூக்குக் கண்ணாடி, குறிப்பேடு, அசையாமல் உட்கார்ந்திருப்பவன்’ என்று எழுதியிருந்தது பத்து நிமிடம் கழித்து ஸ்ட்ரிங்கர் பெல் ஆயிற்று.

தொடங்கும்போதே எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய பெயர்கள் இவ்வளவுதான். காவல்துறையில்: துப்பறிவாளர் ஜிம்மி மக்நல்டி, அவருடைய கூட்டாளி பங்க், அவர்களுக்கு மேலே சார்ஜென்ட் லேண்ட்ஸ்மேன், அவருக்கும் மேலே மேஜர் ரால்ஸ். போதைப்பொருள் பிரிவில் லெப்டினன்ட் டேனியல்ஸ், அவருக்குக் கீழே கீமா, ஹெர்க், கார்வர். எல்லோருக்கும் மேலே துணை ஆணையர் பர்ரெல். நடுப் பத்தியில் நீதிபதி ஃபீலன், எஃப்.பி.ஐ. அதிகாரி ஃபிட்ஸ், போதைக்கு அடிமையான பபிள்ஸ். தெருவில்: தலைவன் ஏவன் பார்க்ஸ்டேல், அவனுக்கு அடுத்த நிலையில் ஸ்ட்ரிங்கர் பெல், அடியாள் வீ-பே, இளையவன் டி’ஆஞ்சலோ, அவனுக்குக் கீழே போடி, வாலஸ், பூட் என்ற பையன்கள்.

ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்றும் ‘நெஃப்யூ’ என்றும் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகும் ஓர் உறவை நம் மொழியில் எழுதிவைத்தால் பல காட்சிகள் தெளிவாகிவிடும்: டி’ஆஞ்சலோ ஏவனின் அக்காள் தங்கை வழி மருமகன், ஏவன் அவனுக்குத் தாய்மாமன். வியாபாரத்தில் தவறு செய்த ஒருவனை ஏவன் ஏன் கை கழுவாமல் இடம் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறான் என்பதற்கு இந்த ஒரு சொல் போதும்.

5. பதவிகளைக் கற்றுக்கொள்ளுங்கள்

கதை நகர்வது பதவிகளின் அச்சத்தில்தான் என்பதால் இந்தப் படியைத் தாண்டிப்போகக் கூடாது. ‘மேஜர்’, ‘கர்னல்’ என்று கேட்டதும் ராணுவம் ஏன் வருகிறது என்று நான் குழம்பினேன். பால்டிமோர் நகரக் காவல்துறையின் பதவிகளே அவை. தொடரில் நீங்கள் சந்திக்கும் வரிசை கீழிருந்து மேலாக: காவலர், துப்பறிவாளர், சார்ஜென்ட், லெப்டினன்ட், மேஜர், கர்னல், துணை ஆணையர், ஆணையர். ஒருவருடைய கோபம் எப்போதும் தனக்குக் கீழே உள்ளவர் மீதுதான் இறங்கும். யார் யாரிடம் கத்துகிறார் என்று பார்த்தாலே வரிசையைக் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்து, யாருக்கு யார் முதலாளி என்பது. பால்டிமோர் மேரிலாந்து மாநிலத்தில் இருந்தாலும் எந்த மாவட்டத்திலும் சேராத தனி நகரம். அதன் மேயர் தேர்தலில் வருகிறவர். நகரத்தின் தலைமை அரசு வழக்கறிஞரும் தேர்தலில் வருகிறவர். நீதிபதியும் வாக்காளர் முன்னால் நிற்க வேண்டியவர். எனவே ஒரு கொலை வழக்கு செய்தித்தாளில் வருமா, வராதா என்பது இவர்கள் அனைவருக்கும் சொந்தக் கவலை. எஃப்.பி.ஐ. மத்திய அரசுடையது, நகரக் காவல்துறை அதனிடம் உதவி கேட்கலாம், கட்டளையிட முடியாது.

கொலைப் பிரிவு அலுவலகச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். கொலையானவர்களின் பெயர்கள் துப்பறிவாளரின் பெயருக்குக் கீழே எழுதப்பட்டிருக்கும்: துலங்காத வழக்கு சிவப்பில், துலங்கியது கறுப்பில். வழக்கு யார் பெயரில் விழுகிறதோ அவருடைய தலைவலி அது. தொலைபேசி அடிக்கும்போது முறை யாருடையதோ அவர் எடுக்க வேண்டும். முறை இல்லாதவர் எடுத்தால் சிவப்பு அவர் கணக்கில் ஏறும். தலைப்புப் பாடலுக்குப் பிறகு திரையில் வரும் ஒருவரி மேற்கோள், தன் முறை வராதபோது அக்கறை காட்டுவதைப் பற்றியது. இந்தப் பலகையின் கணக்கு தெரியாதவருக்கு அந்த வரி வெறும் வசவாகத்தான் தெரியும். எனக்கும் இரண்டு முறை அப்படித்தான் தெரிந்தது.

6. முதல் தவணை: வாசற்படியும் நீதிமன்றமும்

முதல் இருபது, இருபத்தைந்து நிமிடங்களை ஒரு தவணையாகப் பாருங்கள்.

தொடரின் முதல் சட்டகம் தார்ச்சாலையில் வழிந்து கிடக்கும் இரத்தம். ரோந்து வண்டியின் விளக்கு அதன் மேல் மாறி மாறி விழுகிறது. எதிர்ப்பக்கம் வாசற்படியில் மக்நல்டியும் ஒரு சாட்சியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, செத்துக் கிடப்பவனின் பட்டப்பெயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சூதாட்டத்தில் பணம் சேர்ந்ததும் வாரிக்கொண்டு ஓடுவது அவன் வழக்கம். ஒவ்வொரு வாரமும் பிடித்து உதைப்பார்கள். இந்த வாரம் ஒருவன் சுட்டுவிட்டான். அப்படியானால் ஏன் அவனை ஆட்டத்தில் சேர்த்தீர்கள் என்று மக்நல்டி கேட்க, சேர்க்காமல் எப்படி, இது அமெரிக்காவாயிற்றே என்கிறான் சாட்சி.

இந்தக் கொலையைத் தாளில் எழுதிக்கொள்ளாதீர்கள். நான் எழுதிக்கொண்டு, அதைச் சுட்டவனை எபிசோடு முழுக்கத் தேடினேன். முதன்மைக் கதையில் இந்த வழக்குக்கு வேலை இல்லை. தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் பால்டிமோரின் நாளிதழ் ஒன்றில் பல ஆண்டுகள் குற்றச் செய்தியாளராக இருந்தவர். அவரோடு கதை எழுதிய எட் பர்ன்ஸ் அதே நகரத்தின் கொலைப் பிரிவில் துப்பறிவாளராக இருந்தவர். காவலர்கள் சொல்லக் கேட்ட ஓர் உண்மைச் சம்பவத்தை, தொடர் எந்தத் தொனியில் நடக்கப்போகிறது என்பதைக் காட்டுவதற்காக முன்னால் வைத்திருக்கிறார்கள்.

எழுதத் தொடங்க வேண்டிய இடம் அடுத்து வரும் நீதிமன்றம். டி’ஆஞ்சலோ மீது கொலை வழக்கு. இரண்டு சாட்சிகள். முதல் சாட்சியாகக் கட்டடப் பராமரிப்புத் தொழிலாளி கான்ட் கூண்டில் ஏறி, அவன்தான் என்று கை நீட்டிச் சொல்கிறார். இரண்டாவதாகப் பாதுகாப்புப் பணியாளரான ஒரு பெண், பார்வையாளர் வரிசையைப் பார்த்துவிட்டு, அடையாளம் தெரியவில்லை என்கிறார். நம் செய்தித்தாள்கள் பிறழ்சாட்சி என்று எழுதுவது இதைத்தான். வசனத்தை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். கண்ணாடி போட்ட ஸ்ட்ரிங்கர் குறிப்பேட்டில் ஏதோ வரைந்துகொண்டிருக்கிறான். அவன் யாரையும் மிரட்டவில்லை, வாயைத் திறக்கவும் இல்லை. அங்கே உட்கார்ந்திருப்பது மட்டுமே அவன் வேலை. வரைந்ததை மக்நல்டி பக்கம் திருப்பிக் காட்டும்போது படத்தை நிறுத்தி அந்தத் தாளை ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி. அந்த வழக்கு மக்நல்டியுடையது அன்று, வேறொரு துப்பறிவாளருடையது. மக்நல்டி வேடிக்கை பார்க்க வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர். நீதிபதி ஃபீலன் அவரைத் தன் அறைக்கு அழைத்துக் கேட்பதும், சம்பந்தமில்லாத ஒருவர் மேலதிகாரிகளைத் தாண்டி நீதிபதியிடம் எல்லாவற்றையும் கொட்டுவதும், அதன்பின் நீதிபதி துணை ஆணையரைத் தொலைபேசியில் பிடிப்பதும்தான் இந்த எபிசோடின் தீப்பொறி. வழக்கு மக்நல்டியுடையது என்று நினைத்துவிட்டால் பிறகு ரால்ஸ் இரண்டு கைகளின் நடுவிரல்களையும் நீட்டிக் கத்துவதன் காரணம் புரியாமல் போகும். நிறுத்தி, தாளைச் சரிபார்த்து, தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

7. இரண்டாம், மூன்றாம் தவணைகள்: எதைக் கவனிக்க வேண்டும்?

மீதியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். எங்கே பிரிப்பது என்பது உங்கள் விருப்பம். முழுக் கதையையும் நான் சொல்லப் போவதில்லை. மூன்று காட்சிகளை மட்டும் குறிப்பிடுகிறேன், ஏனென்றால் இவற்றை அசட்டையாகக் கடந்துவிட்டால் அடுத்த பன்னிரண்டு எபிசோடுகளிலும் அதன் விலையைக் கொடுக்க நேரும்.

முதலாவது, காரில் வீ-பேயும் டி’ஆஞ்சலோவும். விடுதலையான உற்சாகத்தில் டி’ஆஞ்சலோ வழக்கைப் பற்றிப் பேச ஆரம்பிக்க, வீ-பே வண்டியை ஓரம் கட்டி, அவனைக் கீழே இறங்கச் சொல்லி, விதியை நினைவூட்டுகிறான்: காரில் பேசக் கூடாது, தொலைபேசியில் பேசக் கூடாது, நமக்குச் சொந்தமில்லாத எந்த இடத்திலும் பேசக் கூடாது. ஒட்டுக்கேட்பைப் பற்றிய தொடர் தன் முதல் எபிசோடிலேயே, இவர்கள் தொலைபேசியில் பேச மாட்டார்கள் என்று சொல்லிவிடுகிறது. அப்படியானால் எதை ஒட்டுக்கேட்பது? அந்தக் கேள்வியைத் தாளின் அடியில் பெரிதாக எழுதிக் கட்டம் போட்டு வையுங்கள்.

இரண்டாவது, எஃப்.பி.ஐ. அலுவலகம். போதைப்பொருள் வீட்டுக்குள் பதுக்கிய கேமராவிலிருந்து வரும் நேரலையை ஃபிட்ஸ் மக்நல்டிக்குக் காட்டுகிறார். பிறகு, இதுதான் கடைசி, 2001 செப்டம்பர் 11-க்குப் பின் ஆட்களும் பணமும் பயங்கரவாதத் தடுப்புக்குப் போய்விட்டன என்கிறார். இதைப் பார்த்துவிட்டு, கீமா தன் அறிக்கையைத் தட்டச்சுப் பொறியில் தட்டுகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். நகரக் காவல்துறையிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை இந்த இரண்டும் சொல்லிவிடுகின்றன.

மூன்றாவது, சார்ஜென்ட் லேண்ட்ஸ்மேன் மக்நல்டியை எச்சரிக்கும் உரையாடல். எந்தப் பிரிவுக்கு மாற்றப்படுவதை வெறுக்கிறாய் என்று மேலிடம் கேட்டால் வாயைத் திறக்காதே என்கிறார். மக்நல்டி வெறுப்பது துறைமுகப் படகு வேலையை. அரைநிமிடம்தான். தாளில் ‘படகு’ என்று எழுதிவிட்டு மேலே போங்கள்.

டி’ஆஞ்சலோ உயர்மாடிக் குடியிருப்பிலிருந்து ‘பிட்’ எனப்படும் தாழ்மாடிக் குடியிருப்பின் முற்றத்துக்கு மாற்றப்படுவது பதவி இறக்கம். இதை யாரும் விளக்கிச் சொல்ல மாட்டார்கள். நடுமுற்றத்தில் கிடக்கும் கிழிந்த சோபாவே அவனுடைய புதிய அலுவலகம்.

கடைசி நிமிடத்தில் நீதிமன்றக் காட்சி ஒன்று ஓரிரு நொடிகள் மறுபடி வந்து போகும். ஒரு முகத்தை நீங்கள் மறந்திருப்பீர்கள் என்று பயந்து, எச்.பி.ஓ. வற்புறுத்தியதால் சேர்த்தது அது. இப்படிப் பழைய காட்சியைக் காட்டி நினைவூட்டும் உதவி அதன்பிறகு தொடரில் கிடைக்காது. உங்கள் தாள்தான் உதவி.

8. ஒட்டுக்கேட்புக்கு என்னென்ன ஆவணங்கள்?

முதல் எபிசோடு முடிந்ததும், இரண்டாவதைத் தொடங்குவதற்கு முன், இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ‘தி வயர்’ என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு முதல் எபிசோடிலேயே காதில் ஹெட்போனோடு போலீஸ் உட்கார்ந்திருக்கும் என்று எதிர்பார்த்து ஏமாந்தேன். கம்பி இழுத்துக் கேட்கத் தொடங்குவது ஆறாவது எபிசோடில்தான். அந்த எபிசோடின் பெயரும் ‘தி வயர்’தான். அதுவரை நடப்பது அந்த அனுமதிக்கான தாள்களைச் சேர்க்கும் வேலை. இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பவருக்கு அந்த ஐந்து எபிசோடுகள் இழுவையாகத் தோன்றாது.

அமெரிக்காவில் போலீஸ் நினைத்த மாத்திரத்தில் ஒரு தொலைபேசியை ஒட்டுக்கேட்க முடியாது. 1968-இல் வந்த கூட்டரசுச் சட்டம் இதற்கான வழிமுறையை வகுத்திருக்கிறது. நடைமுறையில் முதலில் கேட்பது, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு அழைப்பு போகிறது என்று மட்டும் பதிவு செய்யும் கருவிக்கு அனுமதி. பேச்சைக் கேட்காததால் இது எளிதில் கிடைக்கும். அடுத்து, பேச்சைக் கேட்க வேண்டுமானால் துப்பறிவாளர் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, அரசு வழக்கறிஞர் வழியாக நீதிபதியிடம் வைக்க வேண்டும். அதில் இரண்டு விஷயங்கள் தேறியாக வேண்டும். இந்தத் தொலைபேசி குற்றத்துக்குப் பயன்படுகிறது என்று நம்புவதற்கு நியாயமான காரணம் ஒன்று. மற்றது, வேறு எல்லா வழியையும் முயன்று பார்த்தாயிற்று அல்லது அவை பலிக்காது என்பதற்கான விவரம். ஆள் வைத்துச் சரக்கு வாங்கிப் பார்த்தோம், உளவு சொல்பவரை வைத்துப் பார்த்தோம், பின்தொடர்ந்து பார்த்தோம், எதுவும் மேலே உள்ளவர் வரை போகவில்லை என்று தேதி வாரியாகக் காட்ட வேண்டும்.

இந்த இரண்டாவது நிபந்தனையை மனத்தில் வைத்துக்கொண்டால், கீமாவும் மற்றவர்களும் கூரை மேலே படுத்துப் படமெடுப்பது, பபிள்ஸை வைத்து ஆட்களை அடையாளம் காண்பது, சில்லறை வியாபாரிகளிடம் சரக்கு வாங்குவது எல்லாம் ஒரே கோப்பில் சேரும் தாள்களாகத் தெரியும். துணை ஆணையர் பர்ரெல் டேனியல்ஸிடம், நான்கு கைதைக் காட்டிச் சீக்கிரம் முடி என்று நெருக்குவதும் ஏன் சிக்கல் என்பது விளங்கும். சில்லறை ஆட்களை அவசரமாகக் கைது செய்தால் கோப்பு அங்கேயே மூடப்படும்.

கால அளவும் உண்டு. நீதிபதியின் ஆணை அதிகபட்சம் 30 நாள். நீட்டிக்க வேண்டுமானால் மறுபடி மனு. கேட்கும்போதும் கட்டுப்பாடு இருக்கிறது. வழக்குக்குத் தொடர்பில்லாத பேச்சாக இருந்தால் கேட்பதை நிறுத்திவிட வேண்டும். தொடரில் இன்னொரு நிபந்தனையும் சேர்கிறது: கும்பல் பயன்படுத்துவது பொதுத் தொலைபேசி என்பதால் யார் வேண்டுமானாலும் அதில் பேசலாம், ஆகவே சந்தேகத்துக்குரியவர்தான் ரிசீவரை எடுத்தார் என்பதைக் கூரையிலிருந்து ஒருவர் கண்ணால் பார்த்து ரேடியோவில் சொன்ன பிறகே இங்கே பதிவைத் தொடங்கலாம். வெயிலில் கூரையில் ஒருவர், இருட்டு நிலவறையில் ஒருவர், இருவருக்கும் நடுவில் ஒரு படிவம். இந்தத் தொடரில் துரத்தல் காட்சிகளைவிட எனக்குப் படபடப்பு தந்தது அந்தப் படிவம்தான்.

9. ஒரு கைப்பிடிச் சொற்கள்

அகராதியில் தேடினால் கிடைக்காதவற்றை மட்டும் தருகிறேன். ‘ரீ-அப்’ என்றால் விற்றுத் தீர்ந்த சரக்கை மறுபடி நிரப்புவது. அது எப்போது, எங்கிருந்து வருகிறது என்பதே போலீஸ் தேடும் தகவல். ‘ஸ்டாஷ்’ சரக்கைப் பதுக்கி வைக்கும் இடம். பணம் வாங்குபவன் ஒருவன், சரக்கைக் கொடுப்பவன் வேறொருவன் என்று பிரித்து வைத்திருப்பதைப் பாருங்கள். ஒருவனைப் பிடித்தாலும் இரண்டும் சேர்ந்து கையில் சிக்காது. ‘ஹாப்பர்’ தெருமுனையில் வேலை செய்யும் சிறுவன். ‘ஃபைவ்-ஓ’ என்று யாராவது கத்தினால் போலீஸ் வருகிறது. ‘டீடெய்ல்’ என்பதை விவரம் என்று பொருள்கொள்ள வேண்டாம். பல பிரிவுகளிலிருந்து ஆட்களை எடுத்துத் தற்காலிகமாக அமைக்கும் தனிப்படை. இரண்டாவது எபிசோடின் பெயரே அதுதான். ‘குட் போலீஸ்’ என்று ஒருவரை ஒருமையில் சொன்னால், அந்த ஊர்க் காவலர்களின் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

10. மறுநாள் ஒருமுறை, பிறகு மேலே

மறுநாள் முதல் எபிசோடை மீண்டும் ஓட்டிப் பாருங்கள். இம்முறை நிறுத்த வேண்டாம். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல்முறை சத்தமாகத் தெரிந்தது இம்முறை பேச்சாகக் கேட்கும். அதன்பிறகும் பிடிக்கவில்லை என்றால், மூன்றாவது எபிசோடில் டி’ஆஞ்சலோ சோபாவில் உட்கார்ந்து பையன்களுக்குச் சதுரங்கம் சொல்லித்தரும் காட்சி வரை பொறுத்துப் பாருங்கள். அதுவும் உங்களைத் தொடவில்லை என்றால் தாராளமாக நிறுத்திவிடலாம். சந்தாவைத் தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைக்க மறக்க வேண்டாம்.

தொடர்கிறவர்களுக்கு ஒரு சிறு தயாரிப்பு. ஐந்தாவது எபிசோடுக்கு உட்காரும்போது, கைபேசியின் எண்பலகையை ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று வரிசையில் 1 முதல் 9 வரை, அடியில் 0. திரும்ப அழைக்க வேண்டிய எண்ணைக் காட்டும் சிறு கருவியான பேஜரில் வந்து விழும் எண்கள் எந்தத் தொலைபேசிக்கும் பொருந்தாமல் தனிப்படை திண்டாடும். விடையை நான் சொல்ல மாட்டேன். 5 எங்கே இருக்கிறது, அதைத் தாண்டினால் எந்த எண்ணில் போய் விழுவீர்கள் என்று மட்டும் விரலை வைத்துப் பாருங்கள்.